பழைய வர்ணம்

ஆயுத பூஜை தினத்தன்று நமது ஊர்த் தெருக்களில் ஒரு முறை நடந்து பார்த்தால், வாகனங்களிடத்தில் தமிழர்களுக்கு இருக்கும் பக்தி எத்தகையது என்பது விளங்கும். சைக்கிள் முதல் லாரி வரையில் எல்லாம் குளித்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக் கன்றும் மாலையும் தரித்து நிற்கும். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும். வாசலில் பூசணிக்காய் உடையும். ஒரு வாரம் கழித்து அதே தெருவில் நடந்தால், அந்தச் சந்தனம் வெயிலில் காய்ந்து பொருக்காகி அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். அதைத் துடைக்க ஒருவரும் வந்திருக்க மாட்டார். பூஜை செய்வதில் நமக்குள்ள சிரத்தை, பேணுவதில் இருப்பதில்லை. இது கார்களுக்கு மட்டும் பொருந்தும் உண்மையன்று என்றாலும், இந்தக் கட்டுரையில் நாம் ஒரே ஒரு காரைப் பற்றி மட்டும் பேச எண்ணியிருக்கிறோம்.

அது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். பள்ளிக்கூட வாத்தியாருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்பார்கள். நமது பந்து மித்திரர்களில் அந்தக் கேள்வியைக் கேட்காதவர் ஒருவரும் இல்லை. "பௌதிகம் சொல்லிக் கொடுக்கிற மனுஷர், நாலு பேர் உட்கார்ந்து போகிற மாதிரி ஒரு கார் வாங்கக் கூடாதா?" என்று மாமனார் வருத்தப்பட்டார். அவருடைய வருத்தத்தில் நியாயம் உண்டு. அந்தக் காரில் இரண்டு பேருக்குத்தான் இடம். மாமனார் எப்போதும் மூன்றாவது ஆள்.

காரின் பெயர் 'ஸான் ஸ்டார்ம்.' 1990-களின் கடைசியில் கோவாவில் தயாராகி வெளிவந்த சிறிய வண்டி. மேற்கூரைத் துணியை மடக்கி விட்டால் ஆகாயமே கூரை. எஞ்சின் பிரான்ஸ் தேசத்து ரெனோ கம்பெனியாருடையது, 1,149 சி.சி.; சுமார் 60 குதிரைச் சக்தி. 'புயல்' என்று பெயர் வைத்துக்கொள்ள 60 குதிரைகள் போதுமா என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. நாம் அந்த விவாதத்தில் இறங்குவதில்லை. இந்த நாட்டில் பஸ் செய்யலாம், லாரி செய்யலாம், குடும்பத்தோடு கோவிலுக்குப் போகும் கார் செய்யலாம். ஆனால் ஒருவன் சந்தோஷத்திற்காக மட்டும் ஓட்டும் காரைச் செய்ய முடியுமா என்று எல்லோரும் சந்தேகப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில், செய்து பார்த்த சிலருடைய முயற்சி அது. இப்போது தயாரிப்பில் இல்லை. தெருவில் ஒன்று எதிர்ப்பட்டால், இரண்டாவது எதிர்ப்பட மாதங்கள் ஆகும்.

நாம் வசிப்பது கோயமுத்தூரில். இந்த ஊர்க்காரர்களுக்கு இத்தகைய முயற்சிகளிடத்தில் ஒரு தனிப் பட்சபாதம் உண்டு. 1980-களில் மாருதி எஞ்சினை வைத்தே 'பார்முலா மாருதி' என்ற பந்தயக் கார்களைக் கட்டி, நம் நாட்டு இளைஞர்களைப் பந்தயச் சாலையில் இறக்கிவிட்ட எஸ். கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயச் சாலை அவர் பெயரால் வழங்குகிறது. ஆகவே, கோவாவில் பிறந்த ஒரு சுதேசி ஸ்போர்ட்ஸ் கார் நமது ஊரில் ஒருவர் வீட்டு முற்றத்தில் கேட்பாரற்று நிற்கிறது என்று செவியுற்றபோது, நம்மால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு நல்ல மோட்டார் சைக்கிளுக்குக் கொடுக்கும் விலைக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கினோம்.

கார் ஏழு வருஷம் ஒரு புளிய மரத்தடியில் நின்றிருந்தது. எஞ்சின் சீக்கிரமே உயிர் பெற்று விட்டது. மேனிதான் பார்க்கச் சகிக்கவில்லை. சிவப்புக் கார் என்று பதிவுப் புத்தகம் சொல்லிற்று. நம் கண்ணுக்குத் தெரிந்ததோ பழைய செங்கல்லின் நிறம். முன்மூடி வெளுத்து, ரோஜாப் பூ வாடினாற்போல் இருந்தது. பக்கங்களில் பறவைகளின் எச்சம் தின்ற வடுக்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் தெளித்துக் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு வட்டங்கள். கதவின் கைப்பிடிக்கு அருகில், சிலந்தி வலை போல் மெல்லிய கீறல்கள். ஆனால் கதவைத் திறந்து, வெயில் படாத உள் விளிம்பைப் பார்த்தால், அங்கே மட்டும் அசல் சிவப்பு, பழுத்த மிளகாய் போலப் பளபளவென்று இருந்தது. அந்த ஒரு விரற்கடை அகலச் சிவப்பைப் பார்த்ததிலிருந்து, முழுக் காரையும் அந்த நிறத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நம்மைப் பிடித்துக்கொண்டது.

யோசனை சொல்ல வந்தவர்கள் பலர். கல்லூரியில் படிக்கும் மகன் மஞ்சள் வர்ணம் அடிக்கலாம் என்றான். இத்தாலிய தேசத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் அப்படித்தான் இருக்குமாம். வர்ணத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி பெற்றுப் பதிவுப் புத்தகத்தையும் திருத்த வேண்டும் என்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னோம். பள்ளியில் உடன் வேலை பார்க்கும் சிநேகிதர், வழவழப்பான பிளாஸ்டிக் தாளை உடம்பு முழுவதும் ஒட்டிவிடலாம் என்றார். ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில், பழைய பூச்சையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுப் பட்டி பார்த்துப் புதிதாக அடித்துத் தருவதாகக் கூறி ஒரு தொகையும் சொன்னார்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் வீட்டிற்குத் திரும்பி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தோம்.

கடைசியில் ஒரு பெரியவரிடம் போனோம். அறுபது வயது கடந்தவர். நாற்பது வருஷமாகக் கார்களுக்கு வர்ணம் அடிப்பவர். ஷெட்டின் மேல் தகரக் கூரை. உள்ளே கோயமுத்தூர் வெயிலும் தின்னர் வாசனையும். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை முன்மூடியின் மேல் ஊற்றினார். தண்ணீர் பட்ட இடமெல்லாம் நொடியில் செக்கச் செவேலென்று ஆயிற்று. காய்ந்ததும் மறுபடியும் வெளுத்தது. அப்புறம் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷைத் தொட்டு ஓர் ஓரத்தில் தேய்த்தார். துணி சிவந்தது.

"பாத்தீங்களா வாத்தியாரே, துணியில செவப்பு ஏறுது. மேல கிளியர் கோட்டு கெடையாதுங்க, ஒரே பூச்சு. எல்லாத்தையும் சொரண்டிப் போட்டுப் புதுசா அடிச்சா எனக்கு நாலு காசு வருமுங்க. ஆனா, இது இன்னும் சாகலைங்களே!" என்றார்.

"எப்படீங்ணா சொல்றீங்க?" என்று கேட்டோம்.

"தண்ணி ஊத்துனா முழிச்சுப் பாக்குதுங்களே, செத்தது முழிக்குமுங்களா?"

பெரியவருடைய வாக்கில் பௌதிகம் முழுவதும் அடங்கியிருந்தது. ஒரு கண்ணாடித் துண்டு தெளிவாக இருக்கிறது. அதையே இடித்துப் பொடியாக்கினால் வெள்ளையாகத் தெரிகிறது. கண்ணாடி மாறவில்லை, ஒளி நேராகப் போகாமல் ஒவ்வொரு பொடியிலும் பட்டுச் சிதறுவதால் வந்த வெண்மை அது. காரின் வர்ணத்திலும் நடப்பது அதுவே. நிறப் பொடியைப் பிசின் ஒன்று பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. சூரியனுடைய புற ஊதாக் கதிர்கள் அந்தப் பிசினைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களாகிவிடுகிறது. பிடிப்பற்ற பொடி சுண்ணாம்பு போல் மேலே நிற்கிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பியவுடன் பரப்பு சமமாகிறது. அடியிலுள்ள நிறம் தெரிகிறது. சிவப்பு வர்ணத்திற்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது சிவப்பாகத் தெரிவதற்குக் காரணமே, வெயிலில் உள்ள நீலத்தையும் பச்சையையும் அது விழுங்கிக் கொள்வதுதான். அந்த நீல ஒளியில் சக்தி அதிகம். விழுங்கியது ஜீரணமாகாமல் சிவப்புப் பொடிகளில் பல நாளடைவில் சிதைந்து போகின்றன. அழகுக்காக அது கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே பூச்சு என்று பெரியவர் சொன்னதைப் பற்றியும் கூற வேண்டும். மோட்டார் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் கலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆதியில் குதிரை வண்டிகளுக்குப் பூசிய வார்னிஷையே கார்களுக்கும் பூசினார்கள். பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றிக் காயவைத்துத் தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். 1914 முதல் 1925 வரையில் ஹென்றி போர்டின் 'மாடல் டி' கார் கறுப்பு ஒன்றிலேயே கிடைத்தது. மலிவாகவும் உறுதியாகவும் இருந்த பூச்சு அந்தக் கறுப்பு. முதல் உலக மகா யுத்தத்தில் வெடிமருந்துக்குப் பயன்பட்ட நைட்ரோ செல்லுலோஸ் யுத்தம் முடிந்தபின் வேறு உத்தியோகம் தேடியது. அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியார் அதைக் கொண்டு 'டூகோ' என்ற வர்ணத்தைச் செய்தார்கள். 1923-ல் ஓக்லண்டு என்னும் கார்கள் அந்த நீல வர்ணத்தில் வெளிவந்தன. வாரங்கள் நாட்களாகக் குறைந்தன. நூறு வருஷமாகியும் நமது ஊர் டிங்கரிங் ஷெட்டுகளில் 'டூகோ' என்ற சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிற்காலத்தில், 1980-கள் முதல், வர்ணத்தின் மேல் நிறமற்ற ஒரு தெளிந்த பூச்சைப் பூசும் வழக்கம் பரவிற்று. அத்தகைய காரில் மேலே தேய்ப்பது நிறமற்ற பூச்சை. துணியில் நிறம் ஏறாது. நம் காரில் அந்தக் காவலாளி இல்லை. தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் வர்ணத்தையே தேய்க்கிறோம்.

இங்கேதான் விஷயம் கஷ்டமாகிறது. மெருகு ஏற்றுவது என்று நாம் வாயால் சொல்கிறோம். உண்மையில் எதையும் ஏற்றுவதில்லை, இறக்குகிறோம். மேலே கெட்டுப்போன படலத்தை மிக நுண்ணிய பொடியால் அராவி எடுத்துவிட்டு, அடியிலுள்ள நல்ல படலத்தை வெளியே கொண்டு வருகிறோம். காரின் பூச்சு முழுவதும், பிரைமர் உட்பட, சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். செய்தித்தாளில் இரண்டு தாள்களை ஒன்றாக வைத்தால் எவ்வளவு கனமோ, ஏறத்தாழ அவ்வளவு. அதில் வெயில் தின்றது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பது தெரிந்தால்தான் எத்தனை தடவை தேய்க்கலாம் என்று தெரியும்.

பழைய கார் வியாபாரம் செய்யும் சிநேகிதர் ஒருவர், பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கொண்டு வந்தார். காரின் மேல் வைத்தார். கருவி மௌனம் சாதித்தது. வேறோர் இடத்தில் வைத்தார், அங்கும் மௌனம். கருவியின்மேல் பிழையில்லை. அது காந்தத்தாலோ மின் சுழலாலோ அடியிலுள்ள உலோகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ஜாதி. நம் காரின் உடலோ உலோகமே அன்று. கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து அச்சில் வார்த்தது. 1953-ல் அமெரிக்காவில் ஷெவர்லே கம்பெனியார் 300 கார்வெட் கார்களை, எல்லாவற்றையும் வெள்ளை நிறத்திலேயே, இப்படி வார்த்து வெளியிட்டார்கள். அதுமுதல், குறைந்த எண்ணிக்கையில் கார் செய்கிறவர்களுக்கு இந்த முறை ஒரு வரப்பிரசாதம். பெரிய அழுத்த இயந்திரங்கள் வேண்டாம், துருப்பிடிக்காது. ஆனால் பூச்சின் கனத்தை நம்மிடமிருந்த கருவி சொல்லாது. மிச்சமுள்ளது எவ்வளவு என்று தெரியாத சொத்திலிருந்து செலவு செய்ய வேண்டிய நிலைமை நமக்கு ஏற்பட்டது.

பெரியவர் வேறு வழியில் கணக்குப் பார்த்தார். முன்பக்கத்தில் சாலைக் கற்கள் தெறித்து உண்டான சிறு குழிகள் இருந்தன. பூதக் கண்ணாடியை வைத்து அவற்றின் ஓரங்களைக் காட்டினார். மேலே சிவப்பு, அதன் கீழ் சாம்பல் நிறப் பிரைமர், அதன் கீழ் நார். நடுவில் வேறு சிவப்புக் கிடையாது. ஆகவே இந்தக் கார் பிறந்தபோது பூசியதே இன்று வரையில் இருக்கிறது. இடையில் எவரும் மறு பூச்சுப் பூசவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். "அப்புறம் பூசறது எப்ப வேண்ணாலும் பூசலாமுங்க. மொதல்ல பூசுனது ஒரு தடவதானுங்க" என்றார். ஒர்க்ஷாப்பின் தொகையைக் கேட்டு வேண்டாமென்று வந்தவர்களுக்கு, இப்போது வேண்டாமென்பதற்கு ஒரு கௌரவமான காரணமும் கிடைத்துவிட்டது.

கோடை விடுமுறையில் வேலையைத் தொடங்கினோம். காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையில்தான் வேலை. வெயில் ஏறிச் சூடான வர்ணத்தின் மேல் பாலிஷ் உடனே காய்ந்து பிடித்துக்கொள்ளும். முதலில் கழுவுதல். அதில்கூட ஒரு சாஸ்திரம் இருக்கிறது. சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி. அழுக்குத் துணியை அலசுவதற்குத் தனியாக மற்றொரு வாளி. ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால், மண்ணை எடுத்து மண்ணாலேயே தேய்ப்பதாகும். கடைசியாக அலசுவதற்கு, முந்திய வாரம் பெய்த கோடை மழையில் பிடித்து வைத்த தண்ணீரை உபயோகித்தோம். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்புதானே அந்த வட்டங்களுக்கெல்லாம் காரணம்? சிறுவாணித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் குடிக்கிற தண்ணீரில் காரைக் குளிப்பாட்டுவது பாவம் என்று வீட்டில் தடை உத்தரவு பிறந்திருந்தது.

அடுத்தபடியாகக் களிமண். பெயர்தான் களிமண், பிசைந்தால் மைதா மாவு போல் இழையும் ஒரு கட்டி. சோப்பு நீரைத் தெளித்து மேலே மெதுவாக ஓட்டினால், துணிக்கு அகப்படாமல் வர்ணத்தில் குத்திக்கொண்டிருக்கும் இரும்புத் தூசியையும் மரப் பிசினையும் பெயர்த்து எடுத்துக்கொள்கிறது. அதன்பின் கையால் தடவினால் வழவழப்பு. கண்ணுக்கு மட்டும் இன்னும் வெளுப்பு. பிறகு எண்ணெய்ப் பசையுள்ள ஒரு மெருகுத் தைலத்தைப் பெரியவர் தாராளமாகத் தடவச் சொன்னார். இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் துடைத்தபோது, செங்கல் நிறம் கொஞ்சம் இருண்டு சிவப்பின் சாயல் தெரிந்தது. தெளிந்த பூச்சு உள்ள புதிய கார்களுக்கு இந்த வைத்தியம் பயன்படாது. ஒரே பூச்சுள்ள பழைய வர்ணத்திற்கே உரியது.

அதன் பிறகுதான் பாலிஷ் மிஷின். நேரே முன்மூடியில் கை வைக்கப் பெரியவர் விடவில்லை. பின் மூடியின் ஒரு மூலையில் ஓர் அடிச் சதுரம் அளந்து, சுற்றிலும் காகித டேப் ஒட்டினார். "சன்னமான பாலிஷ்ல ஆரம்பிங்க. அதுல ஆகலைன்னாத்தான் அடுத்தது. ஒரசல் காம்பவுண்டு கடைசீலதானுங்க" என்றார். சன்னமான பாலிஷ் இரண்டு ஓட்டத்தில் அந்தச் சதுரத்தைச் சிவக்கச் செய்தது. டேப்பைப் பிரித்தபோது, அந்தப் பக்கம் செங்கல், இந்தப் பக்கம் மிளகாய். நடுவே அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு கோடு. மகன் அதைப் பார்த்துவிட்டு மஞ்சள் வர்ணத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினான்.

அவனும் நாமும் மாறி மாறி வேலை செய்தோம். விளிம்புகளிலெல்லாம் டேப் ஒட்டினோம்; அங்கே பூச்சு மெல்லியதாக இருக்கும், மிஷினும் அழுத்தமாகப் பிடிக்கும். மிஷினை ஓரிடத்தில் நிற்க விடவே கூடாது. இரும்புத் தகடானால் சூட்டை நாலாபுறமும் பரப்பிவிடும், நார் பரப்பாது. தேய்க்கும் இடத்திலேயே சூடு தேங்கி வர்ணம் வெந்துவிடும். வகுப்பில் வருஷா வருஷம் வெப்பக் கடத்தலைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம்; அதை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துப் பார்த்து வேலை செய்தது அந்தக் கோடையில்தான். கதவு, பக்கங்கள், பின் மூடி எல்லாம் ஒன்பது காலைப் பொழுதுகளில் முடிந்தன. முன்மூடி பாக்கி.

முன்மூடியில் ஏழு வருஷத்து வெயில் நேராக விழுந்திருந்தது. அதன் நடுவில், கையகல இடத்தில், பறவை எச்சம் தின்ற ஆழமான வடு ஒன்று. இரண்டு ஓட்டத்திற்குப் பிறகு சுற்றுமுற்றும் சிவந்துவிட்டது. அந்த இடம் மட்டும் மங்கலாகவே நின்றது. "இன்னும் ஒரே ஒரு ஓட்டம் அப்பா! காம்பவுண்டு போட்டால் போய்விடும்" என்றான் மகன். போயிருக்கவும் கூடும். அந்த வடுவோடு வர்ணமும் போய்ச் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்திருக்கவும் கூடும். சொல்ல வேண்டிய கருவி மௌனமாக இருக்கிறது. அங்கே பிரைமர் தெரிந்துவிட்டால், முன்மூடி முழுவதற்கும் புதுப் பூச்சு. அது மற்ற பாகங்களின் பழைய சிவப்போடு சேராது. அப்புறம் முழுக் காருக்கும் புதுப் பூச்சு. ஒரு கையகல வடுவுக்காக முதற் பூச்சு முழுவதையும் பணயம் வைக்க வேண்டும்.

பெரியவரைக் கூப்பிட்டோம். அவர் குனிந்து, கன்னத்தைக் காரோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, சாய்ந்து விழும் காலை வெயிலில் அந்த இடத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. இதற்குள் காபி கொண்டு வந்த நம் மனைவியும் குனிந்து பார்த்துவிட்டு, "ஈயம் பூசின பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தால் அடியிலே பித்தளை பளபளக்கும். பாத்திரம் அழகாய்த்தான் இருக்கும், ரசம்தான் கெட்டுப் போகும்" என்றாள்.

பெரியவர் நிமிர்ந்தார். "அம்மணி சொன்னதுதானுங்க சரி. நிறுத்திப் போடுங்க" என்றார்.

நிறுத்தினோம். மகனுக்கு முகம் சுருங்கிற்று. நமக்கும் உள்ளூர வருத்தம்தான். கை மிஷினின் பிடியை விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் பற்றிக்கொண்டே இருந்தது. நன்றாக ஆகிக்கொண்டிருக்கும் ஒரு காரியத்தை, இதற்கு மேல் நன்றாக ஆக்கக் கூடாது என்று நிறுத்துவது, கெட்டுப் போன காரியத்தை நிறுத்துவதைவிடக் கடினமானது. கதவின் கைப்பிடிக்கு அருகிலிருந்த சிலந்தி வலைக் கீறல்களையும் விட்டு வைத்தோம். அவை வர்ணத்தின் கீறல்கள் அல்ல. அடியிலுள்ள பிசின் அடுக்கு வெடித்ததால் மேலே தெரிபவை. மெருகு போட்டால் மறையா. வேர் வரையில் சுரண்டி நிரப்பினால்தான் மறையும். சுரண்டினால் முதற் பூச்சு அங்கே இல்லை.

கடைசி வேலை மெழுகு பூசுவது. அந்த மெழுகு பிரேசில் தேசத்தில் கார்னௌபா என்ற ஒரு வகைப் பனையின் ஓலையில் படிவது. நம் நாட்டில் பனைகளுக்குக் குறைவே இல்லை. ஆயினும் இந்தப் பனை அந்தத் தேசத்திற்கே உரியதாம். சுதேசி விரதத்திற்கு இந்த ஓரிடத்தில் மட்டும் விதிவிலக்கு அளித்தோம். மெழுகு வெளுத்ததைச் சிவப்பாக்காது. சிவந்ததைச் சில மாதங்கள் காக்கும். காலம் தவறாமல் மறுபடியும் பூச வேண்டும். புளிய மரத்தடிக்குப் பதிலாக ஓலைக் கொட்டகை ஒன்றும் போட்டோம். பறவை எச்சம் விழுந்தால் அன்றே ஈரத் துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம். வர்ணத்தை இனிமேல் தேய்த்துத் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது. அழியாமல் பார்த்துக்கொள்ள மட்டும் முடியும். மெருகுக்கும் மெழுகுக்கும் டேப்புக்குமாக ஆன செலவு, ஒர்க்ஷாப்பில் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரியவருக்குக் கூலி கொடுத்தபோது பாதியைத் திருப்பிக் கொடுத்தார். வற்புறுத்திச் சட்டைப் பையில் வைத்தோம்.

தனி மனிதருடைய காருக்கு 15 வருஷம் பதிவு. அப்புறம் பரிசோதித்து ஐந்தைந்து வருஷமாக ஆயுளை நீட்டிக் கொடுக்கிறார்கள். நம் கார் அப்படி நீட்டிக்கப்பட்ட ஆயுளில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரூர்ச் சாலையில் கூரையைத் திறந்துவிட்டுப் போகும்போது, சிக்னலில் நிற்கிறவர்கள், "இது எந்தத் தேசத்துக் கார்?" என்று கேட்கிறார்கள். இந்தத் தேசத்துக் கார் என்கிறோம். சிலர் நம்புகிறார்கள்.

நமது நாட்டில் ஒரு பொருளைச் செய்ய முடியுமா என்று கேட்டுச் சந்தேகப்பட்ட காலம் உண்டு. அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. செய்ததைக் காப்பாற்றத் தெரியுமா என்ற கேள்விக்குத்தான் நம்மிடம் இன்னும் திருப்தியான பதில் இல்லை. நூற்பாலைகளும், பாலங்களும், பள்ளிக்கூடக் கட்டிடங்களும் திறப்பு விழாவன்று மாலையும் சந்தனமும் பெறுகின்றன. அப்புறம் வெயிலில் நிற்கின்றன. வெளுத்துப்போனபின் இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று தீர்மானிக்கிறோம். இடிப்பதற்கு முன்னால் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பவர் சிலரே.

முன்மூடியின் நடுவிலுள்ள அந்தக் கையகல வடு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அதன் மேல் துணி போகும்போது கை தானாகவே கொஞ்சம் மெதுவாகிறது. போன வாரம் மகன் துடைத்துக்கொண்டிருந்ததைக் கவனித்தோம். அவன் கையும் அங்கே மெதுவாயிற்று.